கிட் ஹூக்குகள் – மதிப்புரை: மடிக்கணினியில் வசதி, சர்வரில் காவல்

லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காத்துவைக்கும் கருவியான கிட், இன்று நிரலாளர்களைத் தாண்டி அகராதி தொகுப்போர், மென்பொருள் மொழிபெயர்ப்போர், மின்னூல் ஆக்குவோர் கைகளிலும் புழங்குகிறது. அந்தக் கருவி முழுவதையும் எடைபோடுவது இங்கே நோக்கமன்று. கமிட் (மாற்றங்களைப் பதிவுசெய்தல்), மெர்ஜ் (தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து வளர்ந்த மாற்றங்களை இணைத்தல்), புஷ் (பதிவுகளைச் சர்வருக்கு அனுப்புதல்) போன்ற செயல்களுக்கு முன்னும் பின்னும் நாமே எழுதிய ஸ்கிரிப்டை ஓடவிடுவதற்குக் கிட் தரும் ஹூக் ஏற்பாட்டை மட்டும் இந்த மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. பலர் பங்களிக்கும் தமிழ் உரைக்கோப்புக் களஞ்சியம் (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்பு) ஒன்றிலும், அலுவலக நிரல்களிலும் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். சர்வரில் இயங்கும் ஹூக்குகளை எவ்விதத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைப்பேன். தனியாள் கணினியில் இயங்குபவற்றைச் சில நிபந்தனைகளோடுதான் பரிந்துரைக்க முடியும். இரண்டையும் ஒரே பொருளாகக் கருதி மதிப்பெண் போடுவதால்தான் இவ்வசதியைப் பற்றி அளவுக்கு மீறிய புகழ்ச்சியும் அளவுக்கு மீறிய சலிப்பும் மாறிமாறிக் கேட்கின்றன.

அமைப்பு மிக எளியது. புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியதும், மறைந்திருக்கும் '.கிட்' கோப்புறைக்குள் 'ஹூக்ஸ்' என்னும் உட்கோப்புறை உருவாகி, அதில் மாதிரி ஸ்கிரிப்டுகள் சில வந்து சேர்கின்றன. அவற்றின் பெயர்கள் '.சாம்பிள்' என்று முடிவதால் எதுவும் இயங்காது; அந்தப் பின்னொட்டை நீக்கி, கோப்புக்கு இயக்க அனுமதியும் கொடுத்தால் அந்த நொடியிலிருந்து வேலை செய்யத் தொடங்கும். எப்போது ஓட வேண்டும் என்பதைக் கோப்பின் பெயரே தீர்மானிக்கிறது: 'ப்ரீ-கமிட்' என்று பெயரிட்டால் கமிட் பதிவாவதற்கு முன், 'போஸ்ட்-மெர்ஜ்' என்று பெயரிட்டால் மெர்ஜ் முடிந்த பின். முன்னதாக ஓடும் ஸ்கிரிப்ட் பூச்சியத்தைத் திருப்பினால் செயல் தொடரும், வேறு எந்த எண்ணைத் திருப்பினாலும் செயல் அங்கேயே நின்றுவிடும். ஷெல், பெர்ல், பைத்தான், ரூபி என எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். கற்க வேண்டிய தனி நூலகமோ, பின்பற்ற வேண்டிய செருகுநிரல் வடிவமோ கிடையாது. ஒரு கருவியை விரிவாக்க இதைவிடக் குறைந்த சடங்குகளைக் கேட்கும் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இந்த எளிமையின் விலையைப் புதிதாக வருபவர்கள் முதல் நாளிலேயே கொடுக்கிறார்கள். இயக்க அனுமதி இல்லாத ஹூக்கைக் கிட் ஓட்டாமல் விட்டுவிடும். பிற்காலப் பதிப்புகள் அதைச் சுட்டிக்காட்டி ஒரு குறிப்பாவது அச்சிடுகின்றன. பழைய பதிப்புகள் அதையும் செய்வதில்லை. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலோ, 'ப்ரீ-கமிட்.எஸ்எச்' என்று பின்னொட்டு ஒட்டிக்கொண்டாலோ இன்றைய பதிப்புகளும் வாய் திறப்பதில்லை. விண்டோஸில் எழுதி லினக்ஸுக்குக் கொண்டுவந்த ஸ்கிரிப்டின் வரி முடிவில் கூடுதல் குறியொன்று ஒட்டிக்கொண்டு வந்து, முதல் வரியில் குறிப்பிட்ட நிரலையே கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடுவதும் வழக்கம். விண்டோஸுக்கான கிட் தன்னுடன் ஒரு ஷெல்லையும் கொண்டு வருவதால் எளிய ஷெல் ஸ்கிரிப்டுகள் அங்கும் இயங்கும் என்பது ஆறுதல்.

உடன் வரும் மாதிரிகளைத் தனியே மதிப்பிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 'ப்ரீ-புஷ்' மாதிரி, வேலை முடியவில்லை என்று குறியிட்ட கமிட்டுகளை அனுப்பவிடாமல் தடுக்கிறது. 'கமிட்-மெசேஜ்' மாதிரி, ஒரே ஒப்பக் குறிப்பு இருமுறை வருவதைக் கண்டுபிடிக்கிறது. 'ப்ரீ-ரீபேஸ்' மாதிரி கிட் உருவாக்குநர்களின் சொந்தக் கிளை வழக்கத்தை அப்படியே சுமந்து நிற்பதால், அதை வாசித்துப் பார்க்கலாமே தவிர எடுத்தாள முடியாது. 'ப்ரீ-கமிட்' மாதிரிதான் நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. வரியின் கடைசியில் தொங்கும் வெற்றிடங்களையும், மெர்ஜ் முரண்பாட்டைத் தீர்க்காமல் விட்ட குறிகளையும் பிடிப்பதோடு, அது இன்னொன்றும் செய்கிறது: புதிதாகச் சேர்க்கும் கோப்பின் பெயரில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கான குறியீட்டு முறை) அல்லாத எழுத்து ஒன்று இருந்தாலும் கமிட்டை மறுக்கிறது. அதாவது, பின்னொட்டை மட்டும் நீக்கிவிட்டு மாதிரியை அப்படியே பயன்படுத்துகிறவர், 'திருக்குறள்' என்று தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்க முடியாது. 'ஹூக்ஸ்.அலவ்நான்ஆஸ்கி' என்ற அமைப்பை இயக்கிவிட்டால் தடை நீங்கும்; அது ஸ்கிரிப்டின் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் இது எரிச்சலூட்டும். ஆனால் இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது, அது தமிழுக்கும் பொருந்துகிறது. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். 'கொடி' என்ற பெயரில் உள்ள ஒகரக் குறி ஒரு கணினியில் ஒற்றைக் குறியீடாகவும், இன்னொன்றில் எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் பதிவாகலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வைத்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் கிட்டுக்கு இரண்டு கோப்புகளாகிவிடும். மேக்கில் இதைச் சரிசெய்யக் கிட்டிலேயே ஓர் அமைப்பு உண்டு. என் பரிந்துரை, மாதிரியில் உள்ள தடையை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வேறொரு சோதனையை வைப்பது: பைத்தானின் யூனிகோட் நூலகத்தைக் கொண்டு கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் சேர்த்தெழுதிய வடிவில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் கமிட்டை நிறுத்துவது. சில வரிகளில் முடிந்துவிடும் இந்த ஹூக், பலர் பல விசைப்பலகைகளில் தட்டெழுதும் உரைத்தொகுப்பில் தேடலும் அகரவரிசையும் பிசகாமல் காக்கிறது. உடன்வரும் மாதிரிகள் அனைத்தையும் சேர்த்தாலும் எங்களுக்குக் கிடைத்த பயன் இதில் பாதி இல்லை.

தமிழில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டிய பொறிகள் இன்னும் இரண்டு உண்டு. மாறிய கோப்புகளின் பட்டியலைக் கிட்டிடம் கேட்டால், இயல்பான அமைப்பில் அது தமிழ்ப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, ஒவ்வொரு பைட்டையும் '\340\256' என்பது போன்ற எட்டடிமான (ஆக்டல்) எண்களாக மாற்றித் தருகிறது. அந்தப் பட்டியலை வரி வரியாகப் படிக்கும் ஹூக், அப்படியொரு கோப்பே இல்லை என்று கண்டு, பல நேரங்களில் பிழையும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். சோதனை நடந்ததாகவே எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பெயர்களைப் பூச்சிய பைட்டால் பிரித்துத் தரும்படி கேட்பதே சரியான வழி. இடைவெளி உள்ள ஆங்கிலப் பெயர்களுக்கும் அதுவே மருந்து. மற்றது, கமிட்டோடு எழுதும் விளக்கமான கமிட் செய்தியின் முதல் வரி 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பரவலான வழக்கத்தைச் சோதிக்கும் ஸ்கிரிப்டுகள். இவற்றில் பல எழுத்துகளுக்குப் பதிலாக பைட்டுகளை எண்ணுகின்றன. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட்டுகள். அந்தக் கணக்கில் தமிழில் செய்தி எழுதுகிறவருக்கு நாலு சொல்லுக்குமேல் இடம் கிடைக்காது.

இனி 'ப்ரீ-கமிட்' ஹூக்கின் மையச் சிக்கலுக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பெரும்பகுதி தவறாக இருப்பது இங்கேதான். கமிட்டில் பதிவாகப் போவது வட்டில் இப்போது இருக்கும் கோப்பு அன்று. 'ஆட்' கட்டளையால் இன்டெக்ஸில், அதாவது அடுத்த கமிட்டுக்கான காத்திருப்பு இடத்தில், சேர்த்து வைத்த வடிவமே பதிவாகிறது. ஒரு கோப்பைச் சேர்த்தபின் மீண்டும் திருத்தினால் இரண்டும் வேறுபடும். வட்டில் உள்ள கோப்பைத் திறந்து சோதிக்கும் ஹூக், பிழையுள்ள வடிவம் கமிட்டுக்குள் போவதை அனுமதித்துவிடலாம், அல்லது நல்ல வடிவத்தை வீணாக மறுக்கலாம். கோப்பின் பெயருக்கு முன் முக்காற்புள்ளி இட்டு 'ஷோ' கட்டளையிடம் கேட்டால் இன்டெக்ஸில் உள்ள வடிவமே கிடைக்கும். பல கோப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், இன்டெக்ஸ் முழுவதையும் தற்காலிகக் கோப்புறை ஒன்றுக்கு எழுதிவைத்து அங்கே சோதிக்கலாம். இதைவிட ஆபத்தானது, நிரலின் வடிவத்தைத் தானே திருத்தி, திருத்திய கோப்பைத் தானே மீண்டும் இன்டெக்ஸில் சேர்த்துவிடும் ஹூக். ஒரு கோப்பின் மாற்றங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கமிட் செய்ய விரும்பியவரின் தேர்வை அது அழித்துவிட்டு, அரைகுறையாக விட்டு வைத்திருந்த பகுதியையும் உள்ளே தள்ளிவிடும். திருத்தட்டும், ஆனால் திருத்தியதைச் சொல்லிவிட்டு நிற்கட்டும். மீண்டும் சேர்ப்பது மனிதரின் வேலை.

வேகத்தைப் பற்றியும் கறாராக இருக்க வேண்டும். கமிட் என்பது ஒரு நாளில் பலமுறை நடக்கும் சிறு செயல். அதன் நடுவில் முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டும் ஹூக்கைச் சில நாள்களிலேயே எல்லோரும் தவிர்க்கக் கற்றுக்கொள்வார்கள். மாறிய கோப்புகளை மட்டும் பார்த்து, மூச்சு விடும் நேரத்துக்குள் முடியும் சோதனைகளே இங்கே தகும். மற்றவை 'ப்ரீ-புஷ்' ஹூக்குக்குப் போகட்டும். 2013-இல் 1.8.2 பதிப்பில் வந்த அந்த ஹூக்குக்கு எந்தச் சர்வருக்கு, எந்தக் கிளை, எந்தக் கமிட்டிலிருந்து எந்தக் கமிட் வரை போகிறது என்ற விவரங்கள் எல்லாம் வந்து சேர்வதால், கணினியில் இயங்கும் ஹூக்குகளில் நான் அதிகம் மதிப்பது இதையே. மெர்ஜ் தானாகவே வெற்றிகரமாக முடியும்போது 'ப்ரீ-கமிட்' ஓடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கெனத் தனி ஹூக் 2.24 பதிப்பில்தான் சேர்ந்தது.

கமிட் செய்தியைத் தொடும் இரண்டு ஹூக்குகளும் குறை சொல்ல இடமில்லாமல் வேலை செய்கின்றன. கிளையின் பெயரில் உள்ள பணி எண்ணை எடுத்துச் செய்தியில் முன்கூட்டியே நிரப்பிவைக்க ஒன்று, எழுதி முடித்த செய்தியைச் சரிபார்க்க மற்றொன்று. கெரிட் என்னும் நிரல் மதிப்பாய்வுக் கருவி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடையாள எண் இடும் வேலை முழுவதையும் 'கமிட்-மெசேஜ்' ஹூக்கையே நம்பிச் செய்கிறது. பழைய கமிட்டைத் திருத்தும்போது பணி எண் இரண்டாம் முறை ஒட்டிக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனைகள் இருக்கின்றன என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதைத்தான்: கமிட் கட்டளையுடன் 'நோ-வெரிஃபை' என்று சேர்த்தால் 'ப்ரீ-கமிட்', 'கமிட்-மெசேஜ்' இரண்டும் ஓடா. புஷ் கட்டளையிலும் அதே சொல் 'ப்ரீ-புஷ்' ஹூக்கைத் தாண்டிவிடும். கமிட்டில் இதற்கு ஓரெழுத்துச் சுருக்கமும் உண்டு. இதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. களஞ்சியம் இருப்பது அவரவர் கணினியில். அங்கே இருக்கும் ஸ்கிரிப்டை அவர் அழிக்கலாம், மாற்றலாம், அனுமதியை நீக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் மீற முடியாத விதி என்று ஒன்றை வைக்க முடியும் என நினைப்பதே பிழை. மறந்துபோனதை நினைவூட்ட வேண்டும், தட்டெழுத்துப் பிழையை அனுப்புவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்றால் கணினி ஹூக் போதும். யாரும் மீறக் கூடாது என்றால் அது சர்வருக்குரிய வேலை.

இதோடு ஒட்டிய இன்னொரு புகார், களஞ்சியத்தைக் குளோன் செய்தால் (நம் கணினிக்கு முழுப் படி எடுத்தால்) ஹூக்குகள் கூடவே வருவதில்லை என்பது. குழுவாக வேலை செய்வோர் அனைவரும் ஒருமுறையேனும் இதைப் பற்றி முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் களஞ்சியத்தைக் குளோன் செய்த கணமே, குளோனின் கடைசிப் படியாக ஓடும் 'போஸ்ட்-செக்அவுட்' ஹூக் வழியாக அவருடைய ஸ்கிரிப்ட் நம் கணினியில் நம் அனுமதியோடு இயங்கிவிடும். தாக்குதல்காரர்கள் இந்த வாசலைத் திறக்கப் பலமுறை முயன்றிருக்கிறார்கள். 2018-இல் வெளியாகி, சிவிஇ-2018-11235 என்ற பொதுப் பதிவெண் பெற்ற பாதுகாப்பு ஓட்டையில், துணைக் களஞ்சியத்தின் பெயரிலேயே மேல் கோப்புறைக்குத் தாவும் குறிகளைப் புகுத்தி, தாங்கள் வைத்த ஹூக்கை ஓடச் செய்ய முடிந்தது, 2.17.1 பதிப்பு அதை அடைத்தது. 2024 மே மாதம் 2.45.1 பதிப்பு அடைத்த சிவிஇ-2024-32002 ஓட்டையும் இதே இனம்: பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராட்டாத கோப்பு முறைமைகளில், துணைக் களஞ்சியங்களோடு குளோன் செய்யும்போதே ஹூக் ஒன்றை ஓடவைக்க வழி இருந்தது.

2.45.1-க்குப் பின் நடந்தது இந்த ஏற்பாட்டின் மேல் எத்தனை பேர் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதைக் காட்டியது. கூடுதல் பாதுகாப்புக்காக, குளோன் நடக்கும்போது இயங்கும் நிலையில் ஹூக் ஏதேனும் தோன்றினால் மறுக்கும் கட்டுப்பாடு ஒன்றையும் அந்தப் பதிப்பு சேர்த்திருந்தது. பெரிய கோப்புகளைக் கையாளும் கிட் எல்எஃப்எஸ் துணைக்கருவி, தன் ஹூக்குகளைக் குளோனின் நடுவிலேயே நிறுவிக்கொள்ளும் பழக்கமுடையது, அது உடைந்துபோயிற்று. அடுத்து வந்த 2.45.2 பதிப்பு அந்தக் கூடுதல் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. ஓட்டையை அடைத்த திருத்தம் அப்படியே இருக்கிறது. பராமரிப்பாளர்கள் அவசரத்தில் சேர்த்ததை அவசரத்திலேயே நீக்க வேண்டி வந்ததற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழு முழுவதற்கும் ஒரே ஹூக்குகளைக் கொடுப்பதற்கு இன்றைய நேரான வழி, 2016-இல் 2.9 பதிப்பில் வந்த 'கோர்.ஹூக்ஸ்பாத்' அமைப்பு. ஸ்கிரிப்டுகளைக் களஞ்சியத்துக்குள் சாதாரணக் கோப்புறையில் வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் ஒருமுறை இந்த அமைப்பை அந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டால் போதும். அதன்பின் ஸ்கிரிப்டில் வரும் திருத்தங்கள் மற்ற நிரல்களைப் போலவே மதிப்பாய்வுக்கு உட்பட்டு வந்து சேரும். அந்த ஒருமுறை கட்டளையை அவரவர் கையால் இட வேண்டியிருப்பது சம்மதம் தெரிவிப்பதற்கு ஒப்பானது என்பதால் அது எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது வேறொன்று. இப்படித் திருப்பியதும் பழைய ஹூக்ஸ் கோப்புறையைக் கிட் அடியோடு மறந்துவிடுகிறது. எல்எஃப்எஸ் போன்ற கருவி அங்கே நிறுவியிருந்த ஹூக்கும் ஓசையின்றி நின்றுபோகும். பெரிய கோப்புகளின் சுட்டிகள் மட்டும் சர்வருக்குப் போய், கோப்புகள் போகாமல் இருப்பது தெரிய வரும்போது அவற்றை அனுப்பியவர் விடுமுறையில் இருப்பார்.

மேலே சுற்றிக் கட்டிய கருவிகள் பல உண்டு. பைத்தானில் எழுதப்பட்ட 'ப்ரீ-கமிட்' என்னும் சட்டகம், ஜாவாஸ்கிரிப்ட் உலகின் ஹஸ்கி, கோ மொழியில் எழுதப்பட்ட லெஃப்ட்ஹூக் ஆகியவை அதிகம் புழங்குபவை. ஹஸ்கியின் இன்றைய வடிவம் மேற்சொன்ன அமைப்பைத் திருப்பிவிடும் மெல்லிய போர்வை. அதற்கென்று ஒரு சார்பை இழுத்துவருவது தேவையா என்று சிறிய குழுக்கள் யோசிக்கலாம். 'ப்ரீ-கமிட்' சட்டகம் அப்படியல்ல. சேர்க்காத மாற்றங்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சோதிப்பது, மாறிய கோப்புகளை மட்டும் கருவிகளுக்குக் கொடுப்பது, ஒவ்வொரு கருவியையும் தனிச் சூழலில் குறிப்பிட்ட பதிப்பில் நிறுவுவது, கோப்பு திருத்தப்பட்டால் தோல்வியென்று அறிவித்து நிறுத்துவது என மேலே நான் எச்சரித்த பொறிகளில் பலவற்றை அது தானே தாண்டிவிடுகிறது. கைப்பட எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு பக்கத்தைத் தாண்டுகிறது என்றால் இதற்கு மாறிவிடலாம். முதல்முறை நிறுவும்போது இணைய இணைப்பும் பொறுமையும் வேண்டும்.

சர்வரில் கதையே வேறு. புஷ் வந்து சேர்ந்ததும் முதலில் ஓடுவது 'ப்ரீ-ரிசீவ்'. மாறவிருக்கும் ஒவ்வொரு கிளைக்கும் பழைய கமிட்டின் அடையாளம், புதிய கமிட்டின் அடையாளம், கிளையின் பெயர் ஆகிய மூன்றும் ஒரு வரியாக அதற்கு உள்ளீடாக வரும். அது மறுத்தால் புஷ் முழுவதும் மறுக்கப்படும். அடுத்து 'அப்டேட்', ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக ஓடுகிறது. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கலாம். யார் எந்தக் கிளையில் எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் கிட்டோலைட் மென்பொருள், தன் எழுத்துரிமைச் சோதனையை இந்த ஒரே ஹூக்கின் மேல்தான் நிறுத்தியிருக்கிறது. எல்லாம் முடிந்தபின் 'போஸ்ட்-ரிசீவ்' ஓடி, மின்னஞ்சல் அனுப்புவது, இணையதளத்தைப் புதுப்பிப்பது போன்றவற்றைச் செய்யலாம். ஸ்கிரிப்ட் அச்சிடும் ஒவ்வொரு வரியும் புஷ் செய்தவரின் திரையிலேயே தோன்றுவதால், ஏன் மறுக்கப்பட்டது என்பதைத் தமிழிலேயே தெளிவாகச் சொல்ல முடிகிறது. இந்தச் சிறு வசதிக்காகவே இதை விரும்பும் பங்களிப்பாளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

இங்கும் பொறிகள் உண்டு. புதிய கிளை உருவாகும்போது பழைய அடையாளமும், கிளை அழிக்கப்படும்போது புதிய அடையாளமும் முழுக்கப் பூச்சியங்களாக வரும். இதைக் கருதாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட கமிட்டுகளைக் கேட்கும் ஸ்கிரிப்ட், முதல் புதுக் கிளை வந்த அன்றே விழுந்துவிடும். சிறிய இணையதளங்களைப் புதுப்பிக்க 'போஸ்ட்-ரிசீவ்' ஹூக்கில் வேறொரு கோப்புறைக்குப் போய், புதிய மாற்றங்களை இழுத்துவரும் 'புல்' கட்டளையை இடுகிறவர்கள், அங்கே களஞ்சியமே இல்லை என்ற பிழையைப் பார்த்துத் திகைப்பார்கள். ஹூக் தொடங்கும்போதே களஞ்சியத்தின் இடத்தைக் குறிக்கும் சூழல் மாறியைக் கிட் நிறுவிவிடுவதால், கோப்புறை மாறினாலும் கட்டளை பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மாறியை நீக்கிவிட்டுத் தொடர வேண்டும். நீண்ட வேலையைப் பின்னணிக்குத் தள்ளும்போது அதன் வெளியீட்டையும் வேறிடத்துக்குத் திருப்பாவிட்டால், புஷ் செய்தவரின் முனையம் அது முடியும் வரை காத்துக்கொண்டிருக்கும்.

போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் கிட் எல்லா இடத்திலும் முன்னிலையில் இல்லை. சப்வெர்ஷனில் களஞ்சியம் சர்வரில் மட்டுமே இருப்பதால் அதன் 'ப்ரீ-கமிட்' ஹூக்கைப் பயனர் யாரும் தாண்ட முடியாது. பாதுகாப்பைக் கருதி அது ஹூக்குகளை வெறுமையான சூழலில் ஓட்டுகிறது, கட்டளைகளின் முழுப் பாதையையும் எழுதாவிட்டால் எதுவும் கிடைக்காது. மெர்க்குரியல் ஹூக்குகளை அமைப்புக் கோப்பில் பெயரிட்டு எழுதச் சொல்கிறது. ஒரே நிகழ்வுக்குப் பின்னொட்டு மாற்றிப் பல ஹூக்குகளை அடுக்கலாம், பைத்தான் செயற்கூறையே நேரடியாக இணைக்கலாம். கிட்டின் ஹூக்ஸ் கோப்புறையில் ஒரு நிகழ்வுக்கு ஒரு கோப்புக்குத்தான் இடம். இரண்டு கருவிகள் ஒரே பெயருக்கு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் மெர்க்குரியலின் ஏற்பாட்டை எண்ணிப் பொறாமைப்படுவேன். எழுதிய ஹூக்கைச் சோதித்துப் பார்ப்பதும் முன்பு தொல்லையாகவே இருந்தது, 2022-இல் 2.36 பதிப்பில் வந்த 'கிட் ஹூக் ரன்' கட்டளையால், பொய்யாக ஒரு கமிட் செய்யாமலேயே ஹூக்கை ஓட்டிப் பார்க்க முடிகிறது. 'கிட்ஹூக்ஸ்' கையேட்டுப் பக்கம் துல்லியமானது; எந்த ஹூக்குக்கு என்ன உள்ளீடு, எதை மறுக்க முடியும், எதை முடியாது என்பதற்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

சர்வர் ஹூக்குகளை விரும்புகிறவர் களஞ்சியத்தை எங்கே வைத்திருக்கிறார் என்பது பெரிய கேள்வி. களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்ஹப் தளத்தின் பொதுச் சேவையில் சொந்த ஹூக் ஸ்கிரிப்டை வைக்க இடமில்லை. நிறுவனங்கள் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளும் பதிப்பில்தான் 'ப்ரீ-ரிசீவ்' கிடைக்கும். அதே வேலையைச் செய்யும் கிட்லேப் மென்பொருளைச் சொந்தமாக நிறுவினால் சர்வர் நிர்வாகி ஹூக்குகளை வைக்கலாம். அதே வகை மென்பொருளான கிட்டீயில் இணையப் பக்கத்திலிருந்தே ஹூக்கைத் திருத்தும் வசதி உண்டு. அதைத் திறந்துவிடுவது சர்வரில் விருப்பப்பட்ட கட்டளையை ஓட்ட அனுமதிப்பதற்குச் சமம் என்பதால் இயல்பில் மூடியே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய இழப்பன்று. கிளைப் பாதுகாப்பையும், புஷ் வந்தபின் ஓடும் தானியங்கிச் சோதனைகளையும் கொண்டு தரமற்ற நிரல் முதன்மைக் கிளையில் சேர்வதைத் தடுத்துவிடலாம்.

ஒரு வேலைக்கு மட்டும் அது போதாது. கடவுச்சொல்லோ சேவைச் சாவியோ அடங்கிய கமிட் ஒன்று வந்து சேர்ந்தபின் சோதனை தோல்வியடைந்து பயனில்லை. அதற்குள் அது சர்வரில் இருக்கிறது, பிறர் எடுத்திருக்கலாம். கிட்ஹப் பெயர்பெற்ற சேவைகளின் சாவி வடிவங்களை அடையாளம் கண்டு புஷ்ஷையே மறுக்கிறது. ஒரு நிறுவனத்தின் உள்வடிவங்களுக்கு நாமே எழுதும் சோதனையை, சொந்த சர்வரில், 'ப்ரீ-ரிசீவ்' ஹூக்கில்தான் வைக்க வேண்டும். 2016-இல் வந்த 2.11 பதிப்பு முதல், வந்து சேரும் பொருள்களை (கமிட்டுகளையும் கோப்பு உள்ளடக்கங்களையும்) கிட் தனிக் கோப்புறையில் ஒதுக்கிவைத்து, 'ப்ரீ-ரிசீவ்' சம்மதித்த பின்னரே களஞ்சியத்துக்குள் மாற்றுகிறது. மறுத்தால் அந்தக் கோப்புறை முழுவதும் நீக்கப்படும். அதே சோதனையை 'அப்டேட்' ஹூக்கில் எழுதினால் கிளை நகராது, ஆனால் பொருள்கள் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டிருக்கும்; எந்தக் கிளையும் சுட்டாத பொருள்களை அழிக்கும் குப்பை நீக்கம் நடக்கும் வரை சாவி சர்வரின் வட்டிலேயே கிடக்கும்.